ஐந்து ஆட்டங்களின் தீர்ப்பு

கிரிக்கெட்டை அறிந்த நம் நாட்டு நேயர்களுக்கு அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம் முற்றிலும் அந்நியமானதன்று. ஒருவர் பந்தை எறிகிறார், மற்றொருவர் அதை மட்டையால் அடிக்கிறார், அடித்தவர் ஓடுகிறார். மைதானத்தின் நான்கு முனைகளில் நான்கு தளங்கள் உண்டு. மட்டையாளர் புறப்பட்ட இடத்தைத் தாயகத் தளம் என்போம். மற்ற மூன்று தளங்களையும் வரிசையாகக் கடந்து, ஆட்டமிழக்காமல் தாயகத் தளத்தை மீண்டும் தொட்டுவிட்டால் ஓர் ஓட்டம் கிடைக்கும். அணி ஒவ்வொன்றும் ஒன்பது முறை மட்டை பிடிக்கும். மூன்று மணி நேரத்தில் ஓர் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஆட்டம் எளிது, பந்தயத்தின் அமைப்புதான் விசித்திரமானது. அங்குள்ள முதல்தர அணிகள் முப்பது. ஒவ்வோர் அணியும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, ஏறக்குறைய நாள்தோறும், மொத்தம் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அந்த நெடும்பருவம் முடிந்தபின், முன்னணியில் நிற்கும் சில அணிகள் மட்டும் அக்டோபர் மாதத்தில் தங்களுக்குள் மோதுகின்றன. இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் விளங்காது. ஆகவே இவ்வுரையில் அதை ‘மேல்சுற்று’ என்றே குறிப்போம். மேல்சுற்றில் 162 ஆட்டங்களின் கணக்கு ஒதுக்கி வைக்கப்படுகிறது. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலத்தில், முதல் கட்டத்தில் ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவர் மேலே சென்றனர். தோற்றவர் வீடு திரும்பினர். அடுத்த இரு கட்டங்களிலும் ஏழில் நான்கை வெல்ல வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு உலகத் தொடர் என்று பெயர். அக்காலத்தில் எட்டு அணிகள் மேல்சுற்றுக்கு வந்தன. பட்டம் பெறுவதற்குப் பதினொரு வெற்றிகள் தேவைப்பட்டன.

ஆறு மாதங்கள் சிறப்பாக உழைத்த ஓர் அணி, ஆறு நாட்களில் வீழ்ந்துவிடுவது இவ்வமைப்பில் இயல்பே. ஆனால் ஒரே அணி ஆண்டுதோறும் அவ்வாறு வீழ்ந்தால் அதை எப்படி விளங்கிக்கொள்வது? கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரத்து அணியின் வரலாறு இக்கேள்வியை நம் முன் வைக்கின்றது.

ஓக்லண்ட் அணி 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளில் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற பெருமை உடையது. 1989லும் வென்றது. ஆனால் அடுத்த பத்தாண்டின் நடுவில் அதன் செல்வநிலை குன்றியது. 1997ஆம் ஆண்டு இறுதியில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் பில்லி பீன் என்பவர். இளமையில் பெரிய ஆட்டக்காரராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1990ல் அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, புதிய வீரர்களைத் தேடிக் கண்டறியும் பணியில் அமர்ந்தார். தோற்றத்தையும் வேகத்தையும் கண்டு ஒரு வீரனை மதிப்பிடுவது எவ்வளவு பிழையாக முடியலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாக இருந்தது.

2002ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணி தன் வீரர்களின் ஊதியத்துக்குச் சுமார் பன்னிரண்டரைக் கோடி டாலர் செலவிட்டது. ஓக்லண்டின் செலவு சுமார் நான்கு கோடி டாலர். கடைத்தெருவில் மும்மடங்கு பணத்துடன் நிற்பவரோடு போட்டியிட வேண்டுமானால், அவர் விலை அறியாத பொருளை வாங்குவதே வழி. பீனும் அவருடைய உதவியாளர்களும் அதைத்தான் செய்தனர். பேஸ்பாலில் மட்டையாளர், எறியப்பட்ட தவறான பந்துகள் நான்கை அடிக்காமல் பொறுமையாக விட்டுவிட்டால், முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். கைதட்டல் பெறாத செயல் இது. ஆயினும் ஆட்டமிழக்காமல் தளத்தை அடைந்த வகையில் இதற்கு நல்ல மதிப்புண்டு. பல ஆண்டுகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோது, ஒருவர் எத்தனை தடவை தளத்தை அடைகிறார் என்ற விகிதத்துக்கும் அவருடைய அணி எடுக்கும் ஓட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் சந்தையில் அத்திறமைக்கு உரிய விலை இல்லை. ஓக்லண்ட் அதை மலிவாக வாங்கியது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் 91 வெற்றிகள், 2001ல் 102, 2002ல் 103, 2003ல் 96. 2002ஆம் ஆண்டில் தொடர்ச்சியாக இருபது ஆட்டங்களை அவ்வணி வென்றது. 2003ல் மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் இவ்வணியின் முறையை விளக்கி ‘மனிபால்’ என்ற நூலை வெளியிட்டார். 2011ல் அது திரைப்படமாகவும் வந்தது.

இந்த நான்கு ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் என்ன நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2000ல் யாங்கீஸ் அணியோடு ஐந்தாவது ஆட்டம் வரை போராடி ஓக்லண்ட் தோற்றது. 2001ல் அதே எதிரியை அதன் சொந்த ஊரிலேயே முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. பிறகு மூன்றையும் இழந்தது. 2002ல் மின்னசோட்டா அணிக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் இருந்து, கடைசி இரண்டையும் இழந்தது. இத்தனைக்கும் மின்னசோட்டாவும் ஓக்லண்டைப் போலவே சிக்கனமான அணி. 2003ல் பாஸ்டன் அணிக்கு எதிராக முதல் இரண்டையும் வென்று, மீண்டும் மூன்றை இழந்தது. நான்கு ஆண்டுகள், நான்கிலும் ஐந்தாவது ஆட்டம் வரை வந்து, முதல் கட்டத்திலேயே வெளியேற்றம்.

இதற்குக் கூறப்பட்ட விளக்கங்கள் மூவகைப்படும். மனத்திண்மை போதாது என்றனர் சிலர். ஆட்ட முறையே குறையுடையது, நிதானமாகத் தளத்தை அடைவதில் கருத்துச் செலுத்தியவர்கள் ஓடுவதையும் பந்தைத் தடுப்பதையும் புறக்கணித்தனர் என்றனர் வேறு சிலர். பீன் அவர்களோ, தம்முடைய முறை மேல்சுற்றில் பயன்படாது, அங்கே நடப்பது அதிர்ஷ்டத்தின் ஆட்சி என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறினார். இம்மூன்றில் எது உண்மை?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் அணி தன் எதிரியைவிடச் சற்றே மேம்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டங்கள் ஆடினால் 55ஐ அது வெல்லும். இந்தச் சிறு மேன்மை 162 ஆட்டங்களில் 89 வெற்றிகளாகவும் 73 தோல்விகளாகவும் விரிந்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அதே அணி அதே எதிரியோடு ஐந்து ஆட்டங்கள் மட்டும் ஆடினால், அத்தொடரை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 59 மட்டுமே. நூற்றுக்கு 41 தடவை மேம்பட்ட அணி தோற்கும். ஏழு ஆட்டமாக நீட்டினாலும் வாய்ப்பு 61க்கு மேல் போவதில்லை. மூன்று கட்டங்களையும் தாண்டிப் பட்டம் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 22 என ஆகிறது. அதாவது, எதிர்ப்படும் ஒவ்வோர் அணியையும்விடச் சிறந்த அணிகூட ஐந்தில் நான்கு ஆண்டுகள் பட்டமின்றித் திரும்புவதே எதிர்பார்க்கத்தக்கது.

ஓர் உவமை கூறலாம். வயலின் விளைச்சலை ஆண்டின் மொத்த அறுவடையால் அளப்பது ஒரு முறை. ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிப் பார்த்து அளப்பது இன்னொரு முறை. நல்ல வயலிலும் சில கைப்பிடிகளில் பதர் மிகுந்திருக்கும். மேல்சுற்று என்பது அந்தக் கைப்பிடி.

ஓக்லண்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. அதே 2001ஆம் ஆண்டில் சியாட்டில் அணி 162ல் 116 ஆட்டங்களை வென்றது. ஒரு பருவத்தில் அதற்கு மேல் எவரும் வென்றதில்லை. அவ்வணி உலகத் தொடரை எட்டுமுன்பே யாங்கீஸ் அணியிடம் தோற்றது. அட்லாண்டா அணி, வேலைநிறுத்தத்தால் இடையில் நின்றுபோன 1994ஐ நீக்கினால், 1991 முதல் 2005 வரை தொடர்ந்து பதினான்கு முறை தன் பிரிவில் முதலிடம் பெற்றது. உலகத் தொடரை வென்றதோ ஒரே முறை, 1995ல். மறுபுறம், 2006ல் செயின்ட் லூயிஸ் அணி 83 வெற்றிகளோடு மட்டுமே மேல்சுற்றுக்கு வந்து, பட்டத்தைக் கொண்டு சென்றது. நம் நாட்டவர்க்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இந்திய அணி தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. அவற்றுள் முதலாவது சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெற்ற வெற்றி. அதே ஆஸ்திரேலியா நவம்பர் 19 அன்று ஆமதாபாத்தில் இறுதி ஆட்டத்தை வென்றது. பத்து வெற்றிகளை ஒரு தோல்வி பொய்யாக்கிவிடவில்லை. ஆயினும் கோப்பை ஒருவருக்கே உரியது.

இனி, குறுகிய தொடரில் ஆட்டத்தின் தன்மையே சிறிது மாறிவிடுவதையும் கவனிக்க வேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளர், கைத்தளர்ச்சி காரணமாக நான்கு நாட்கள் ஓய்வெடுத்து ஐந்தாம் நாளே மீண்டும் வருவார். ஆகவே நெடும்பருவத்துக்கு ஐந்து நல்ல வீச்சாளர்கள் தேவை. மேல்சுற்றில் இடையிடையே ஓய்வு நாட்கள் கிடைப்பதால் மூவர் அல்லது நால்வர் போதும். ஆறு மாதங்களில் அணியின் ஆழத்துக்கு இருந்த மதிப்பு குறைந்து, ஓரிரு மாபெரும் வீரர்களின் மதிப்பு உயர்கிறது. 2012லும் 2013லும் ஓக்லண்ட் மீண்டும் முதல் கட்டத்தில், மீண்டும் ஐந்தாவது ஆட்டத்தில், டெட்ராய்ட் அணியிடம் வீழ்ந்தது. அவ்விரண்டு கடைசி ஆட்டங்களிலும் எதிரே நின்று பந்து வீசியவர் ஜஸ்டின் வெர்லாண்டர் என்னும் ஒரே மனிதர். இரண்டிலும் ஓக்லண்டால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை.

எனினும் இந்த விளக்கத்தையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். 2000 முதல் 2003 வரை ஓக்லண்டிடமே மூன்று மாபெரும் வீச்சாளர்கள் இருந்தனர்: டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸிட்டோ. குறுகிய தொடருக்கென்றே வாய்த்தவர்கள் போன்ற அம்மூவரை வைத்துக்கொண்டும் அவ்வணி தோற்றது.

அப்படியானால் ஆட்டத் தவறுகள் ஒன்றும் இல்லையா? உண்டு. 2001ன் மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸ் ஒன்றுக்குச் சுழி என முன்னணியில் இருந்தது. ஓக்லண்டின் ஜெரமி ஜியாம்பி தாயகத் தளத்தை நோக்கி ஓடிவந்தார். எல்லைப்புறத்திலிருந்து எறியப்பட்ட பந்து, அதை இடையில் வாங்க வேண்டியவர்களின் தலைக்கு மேலாகச் சென்றுவிட்டது. அப்போது, அந்த இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாத டெரக் ஜீட்டர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து, பந்தைப் பற்றி, ஓடிய வேகத்திலேயே பக்கவாட்டில் தள்ளிவிட்டார். ஜியாம்பி தரையில் சறுக்காமல் நின்றபடியே வந்ததால் மயிரிழையில் ஆட்டமிழந்தார். அந்த ஆட்டம் ஒன்றுக்குச் சுழி என்றே முடிந்தது. 2003ன் மூன்றாவது ஆட்டத்தில் ஓக்லண்ட் வீரர் ஒருவர் தாயகத் தளத்தைத் தொடாமலே கடந்து சென்றார். இன்னொருவர் எதிராளி தமக்கு இடையூறு செய்ததால் சலுகை கிடைக்கும் என்று எண்ணி ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். இருவரும் ஆட்டமிழந்தனர். பதினொரு சுற்றுவரை நீண்ட அந்த ஆட்டத்தையும் ஓக்லண்ட் இழந்தது.

இவற்றை அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிட இயலாது. ஜீட்டரின் செயல் எதிராளியின் மேதைமை. சறுக்காமல் வந்தது தன் பிழை. ஆனால் இத்தகைய பிழைகள் 162 ஆட்டங்களிலும் நேர்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் நேர்கின்றன. ஜூன் மாதத்தில் நேர்ந்தால் மறுநாள் மறந்துபோகும். அக்டோபரில் நேர்ந்தால் இருபது ஆண்டுகள் பேசப்படும். பிழையின் அளவு ஒன்றே. அதற்குக் கொடுக்கும் விலைதான் வேறு.

கணக்கின் பக்கம் நிற்பவர்களும் ஓர் இடத்தில் தயங்க வேண்டியிருக்கிறது. தோற்றவர் உடனே வெளியேற வேண்டிய கடைசி ஆட்டத்தைத் தீர்ப்பு ஆட்டம் என்போம். 2000 முதல் 2019 வரை ஓக்லண்ட் ஆடிய தீர்ப்பு ஆட்டங்கள் ஒன்பது. ஒன்பதிலும் அது தோற்றது. பூவா தலையா என்று நாணயத்தைச் சுண்டி, ஒன்பது முறையும் தலையே விழுவதற்கு 512ல் ஒரு வாய்ப்பே உண்டு. முப்பது அணிகள் பல ஆண்டுகள் ஆடும்போது அரிய நிகழ்ச்சி ஒன்று எங்கேனும் எவருக்கேனும் நேரத்தான் செய்யும் என்று பதில் கூறலாம். அந்த இருபது ஆண்டுகளில் வீரர்கள் முழுதும் மாறிவிட்டார்கள். ஆதலால் அவர்களின் மனத்திண்மை குறை என்று கூறுவது பொருந்தாது என்றும் வாதிடலாம். இரண்டு பதில்களிலும் நியாயம் உண்டு. ஆயினும் பணத்தட்டுப்பாடும் நிர்வாகமும் மாறவில்லை அன்றோ? கடைசி நாளில் எதிரே வந்து நிற்கும் மாபெரும் வீச்சாளரை விலைக்கு வாங்கும் சக்தி ஓக்லண்டுக்கு என்றும் இருந்ததில்லை. முழுவதும் அதிர்ஷ்டம் என்பதும் முழுவதும் குற்றம் என்பதும் ஆராய்ச்சியை அரைவழியில் நிறுத்திவிடும் சொற்கள்.

2014ல் பீன் இதற்கு ஒரு பரிகாரம் தேடினார். ஜூலை மாதத்தில், வலிமை மிக்க மட்டையாளரான யோயனிஸ் செஸ்பெடெஸை விட்டுக்கொடுத்து, ஜான் லெஸ்டர் என்னும் தலைசிறந்த வீச்சாளரைப் பெற்றார். செப்டம்பர் 30 அன்று கான்சஸ் சிட்டி நகரில் ஒரே ஆட்டத்தில் தலைவிதியைத் தீர்மானிக்கும் சந்தர்ப்பம் வந்தது. லெஸ்டரே பந்து வீசினார். எட்டாவது சுற்று தொடங்கும்போது ஓக்லண்ட் ஏழுக்கு மூன்று என முன்னணியில் இருந்தது. கான்சஸ் சிட்டி வீரர்கள் ஏழு முறை தளங்களைத் திருடினர், அதாவது வீச்சாளரின் கண்ணைத் தப்பி அடுத்த தளத்துக்கு ஓடினர். பன்னிரண்டாம் சுற்றில் அவர்கள் ஒன்பதுக்கு எட்டு என வென்றனர். குறுகிய ஆட்டத்துக்கென்றே செய்த ஏற்பாடும் குறுகிய ஆட்டத்தில் தவறியது. 2020ஆம் ஆண்டில்தான் சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் அணிக்கு எதிராகத் தீர்ப்பு ஆட்டம் ஒன்றை ஓக்லண்ட் வென்றது. அடுத்த தொடரில் ஹூஸ்டன் அணி அதை வெளியேற்றியது.

செல்வம் மிக்க அணிக்கு இத்தகைய தோல்வி ஓராண்டு வருத்தம் மட்டுமே. எளிய அணிக்கு அது காலம் கடந்த இழப்பு. வளர்த்த வீரர்களை ஓக்லண்டால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 2001 முடிந்ததும் ஜேசன் ஜியாம்பி தங்களை வென்ற யாங்கீஸ் அணிக்கே சென்றார். 2003க்குப் பின் மிகெல் டெஹாதா பால்டிமோர் சென்றார். 2004ன் இறுதியில் ஹட்சனும் மல்டரும் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டனர். முறையையும் பிறர் கற்றுக்கொண்டனர். 2002ன் இறுதியில் பாஸ்டன் அணி பீனையே அழைத்தது. அவர் மறுத்துவிட்டார். ஆயினும் அதே வகைச் சிந்தனையைத் தன் பணபலத்தோடு சேர்த்துக்கொண்ட பாஸ்டன், 2004ல் 86 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்றது. ஓக்லண்டின் கருத்து வென்றது; ஓக்லண்ட் வெல்லவில்லை. 1968 முதல் அந்நகரில் இருந்த அணி, 2024ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஊரைவிட்டே சென்றுவிட்டது. 1989க்குப் பிறகு ஒரு பட்டமும் காணாமலே ஓக்லண்ட் நகரத்து ரசிகர்கள் தங்கள் அணிக்கு விடை கொடுத்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க தெளிவு யாது? பட்டம் என்பது அக்டோபரில் எவர் வென்றார் என்ற கேள்விக்கு விடை. அதை எல்லா அணிகளும் முன்கூட்டி ஒப்புக்கொண்டே ஆடுகின்றன. பின்னர் குறைகூறுவது முறையன்று. ஓர் அணி எவ்வளவு செம்மையாக நடத்தப்படுகிறது என்பதோ வேறு கேள்வி. அதன் விடை நெடும்பருவத்தில் இருக்கிறது. ஒரு கேள்வியின் விடையை மற்றதற்குப் பொருத்தும்போதுதான், நான்காண்டுகளில் 392 ஆட்டங்களை வென்றவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடம், தொழிற்சாலை, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றிலும் ஆண்டு முழுவதும் செய்த வேலையை ஒருநாள் சோதனை தீர்ப்பளிக்கிறது. அந்த நாளின் முடிவைக் கண்டு நடைமுறை முழுவதையும் கலைத்துவிட்டால், நல்லதையும் சேர்த்துக் கலைத்துவிடுவோம். அதற்காக, எல்லாம் விதி என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தவறு. சறுக்க வேண்டிய இடத்தில் சறுக்கவும், தொட வேண்டிய தளத்தைத் தொடவும் வீரருக்குக் கற்பிக்கலாம், கற்பிக்கவே வேண்டும். அதன்பின் செய்யக்கூடியது, மேல்சுற்றின் வாயிலுக்கு ஆண்டுதோறும் வந்து நிற்பது ஒன்றே. ஓக்லண்ட் அணி அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. வாயில் திறக்கவில்லை; ஆனால் அது வந்து நின்ற வழி பிழையானது என்று அந்தத் தோல்விகள் நிரூபிக்கவும் இல்லை.